மன்னிப்புக் கடிதமும் மறுநாள் காலையும்

காலை ஐந்தே முக்காலுக்குக் கொழும்புப் பஸ் என்னை யாழ்ப்பாண நகரில் இறக்கிவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு நாள். இங்குள்ள பழைய மிஷன் பள்ளிகளின் பெண்கள் விடுதிகளைப் பற்றி மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எட்டரை மணிக்கு, பாடசாலை ஒன்றின் அலுவலகத்தில் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய விடுதிப் பதிவேடு கைக்கு வந்தது. கமலா என்ற மாணவியை, சாதியைக் காரணம் காட்டி, தனிப் பாயில் இருத்திச் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். அதை எதிர்த்து ஆறு மாணவிகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், அவர்களை முன்னின்று நடத்திய இராசமலர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தாள். எதிர்ப்பு முடிந்தது. பதிவேட்டில் ஒட்டியிருந்த கடிதத்தைப் படம் பிடித்துக்கொண்டேன்.

“ராசமலர் ரீச்சரோ? அரியாலையிலைதான் இருக்கிறா,” என்றார் எழுதுவினைஞர்.

ஓட்டோவில் ஐந்து கிலோமீற்றர், எழுநூறு ரூபாய். கேட்க நினைத்ததை வழியெல்லாம் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

இராசமலர் என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஓம், என்ரை எழுத்துத்தான். அப்பா பக்கத்திலை நிண்டவர். ஆனா பேனை என்ரை கையிலை.”

“கமலாவோடு பிறகு பேசினீர்களா?”

“என்ன முகத்தோடை கதைக்கிறது? சண்டிலிப்பாயிலை இருக்கிறாவாம். போனால் என்ரை நம்பரைக் குடுங்கோ. விருப்பமெண்டால் எடுக்கட்டும்.”

பதினான்கு கிலோமீற்றர், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ரயில் கடவையில் பத்து நிமிடம் நின்றோம். என்னால் ஓட்டோவுக்குள் இருக்க முடியவில்லை. இறங்கி வெயிலில் நின்றேன்.

பிற்பகல் ஒன்றரைக்கு, வீட்டு முற்றத்தில் வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தார் கமலா. கண்ணாடி போடவில்லை என்றதால் கடிதத்தை நானே வாசித்தேன்.

“உது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் முன்னாலை வாசிச்சவை. அடுத்த நாள் காலமை நடந்ததை எழுதியிருக்கோ?”

“இல்லையே.”

“அவள் தன்ரை தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என்ரை பாயிலை இருந்தவள். விடுதியைப் பாக்கிற மேற்றன் அம்மா கையைப் பிடிச்சு இழுக்க இழுக்கச் சாப்பிட்டவள். பின்னேரமே தகப்பன் வந்து வீட்டை கூட்டிக்கொண்டு போயிட்டார்.”

“அதை அவர் சொல்லவில்லை.”

“கடிதத்தையே நினைச்சுக்கொண்டு இருந்திட்டாள் போலை. என்னாலைதானே அவளின்ரை படிப்புக் குழம்பினது, என்னிலை கோவமாக்கும் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன். அவளின்ரை நம்பர் இருந்தால் தாங்கோ.”

நானே அழைத்துக் கொடுத்தேன்.

“ராசமலரோ? நான் கமலா.” நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏனடி அழுகிறாய்?”

நான் எழுந்து வீதிக்கு வந்துவிட்டேன்.

நகருக்குத் திரும்பும் வழியில் மூன்று வருடக் குறிப்புகளைப் புரட்டினேன். எல்லாமே பதிவேடுகளை நம்பி எழுதியவை. மன்னிப்புக் கேட்டவர்கள், நீக்கப்பட்டவர்கள், தாமாக விலகியவர்கள் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். அவர்களில் எத்தனை பேருக்கு, யாரும் எழுதி வைக்காத ஒரு மறுநாள் காலை இருந்ததோ, நான் போய்க் கேட்டதே இல்லை.