சாம்சன் எண்ணிலிருந்து வந்த படம்

லாரி டிரைவர் சாம்சனின் வலது கையை ஜாக்கி ராடால் உடைத்தார்கள். பட்டப்பகலில், உத்திரமேரூருக்கு வெளியே லாரி ஷெட்டில், நாலு பேர் பிடித்துக்கொள்ள முதலாளி வேதகிரியே அடித்தான். மூன்றாவது அடியில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. "படம் எட்த்தது யார்ரா?" என்பதுதான் ஒவ்வொரு அடிக்கும் கேள்வி. அந்தப் படத்துக்குக் காரணம் நான், சாம்சன் மகள் நிஷாவின் அறிவியல் டீச்சர்.

சாம்சனுக்கு அடி புதிதல்ல. ஒன்பது வயதில் பண்ணையில் மாடு மேய்த்தபோது, ஒரு கரும்பை ஒடித்ததற்காகச் சாட்டையடி வாங்கியவர். கிளீனராக இருந்தபோது டிரைவர் ஸ்பேனரால் அடித்த தழும்பு புருவத்தில் இருக்கிறது. கொடுக்கவும் தயங்காதவர். மனைவி மார்த்தாளைச் சாதி சொல்லி ஏசிய டீக்கடைக்காரனைப் பாய்லரோடு சேர்த்துச் சாய்த்துவிட்டுப் பதினைந்து நாள் உள்ளே இருந்தார். நல்லவரா என்று என்னைக் கேட்காதீர்கள். மகள் மேல் மட்டும் அந்தக் கை பட்டதில்லை.

பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். ஆமை முட்டையிடும் மணல்மேடுகளை அங்கே திருட்டுத்தனமாக அள்ளுகிறார்கள். அள்ளிய பள்ளங்களை, இடமும் நேரமும் விழுகிற மாதிரி செல்போனில் படமெடுக்க வேண்டும். அதுதான் பாடம். எங்கள் பிள்ளைகளுக்கு ஏது செல்போன்? அப்பா அம்மா போனைத்தான் ஒருநாள் இரவல் வாங்கி வருவார்கள். சாம்சனும் கொடுத்தார். "கொயந்த கடல் பாக்கப் போவுது, எட்த்துக்கினு போவட்டும்" என்றாராம். எந்தக் கடற்கரை என்று அவர் கேட்கவில்லை.

நிஷா பள்ளங்களை எடுத்தாள். தூரத்தில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த லாரியையும் நம்பர் தெரிய எடுத்தாள். "எங்கப்பா வண்டிடி!" என்று தோழிகளிடம் பெருமையடித்தாளாம். என் காதில் விழவில்லை. எல்லாப் படங்களையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன். ஒன்றையும் உற்றுப் பார்க்காமல் அதிகாரிகளுக்கு அனுப்பிவைத்தேன். படித்த முட்டாள் நான்.

இரண்டே நாளில் லாரி பிடிபட்டது. குழுவிலிருந்த பெற்றோரில் ஒருவன் வேதகிரியின் ஆள். படம் யார் எண்ணிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிட்டான்.

"நான்தான் எட்த்தேன்" என்று முதல் அடியிலேயே சொல்லியிருக்கிறார் சாம்சன். அவர்கள் நம்பவில்லை.

"வண்டியில குந்திக்கினு கீறவன் தூரத்துலேர்ந்து எப்டிடா எட்ப்ப? உன் பொண்ணா?"

"எறங்கிப் போயி எட்த்தேன். பொண்ணு கைல நான் போனே குடுக்கல."

கை உடைந்த பிறகும் அதையேதான் சொன்னாராம். சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

மார்த்தாள் அழுதபடி இதைச் சொன்னதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு கிடந்தார். இனி ஸ்டியரிங் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"போலீசுக்குப் போகலாம் அண்ணா. அவனை விடக்கூடாது."

"போனா யார் எட்த்ததுன்னுதான டீச்சர் மொதல்ல கேப்பாங்க? கைமேல பலகை வுய்ந்துச்சின்னு நிஷாகிட்ட சொல்லிக்கீறேன். நீங்களும் அத்தயே சொல்லுங்க."

"இனிமேல் எந்தப் பிள்ளையையும் அந்தப் பக்கம் கூட்டிப் போகமாட்டேன்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா பேச்சு இது? பாதிப் பாடத்துல வுட்டுட்டுப் போவீங்களா? இட்டுக்கினு போங்க. பயப்படாதீங்க டீச்சர், இனிமே அங்க அவ அப்பன் வண்டி நிக்காது."