தோல்ஷாப்புத் தொட்டியில் ஓடிய படகு மோட்டார்

மன்சூருக்கு ஒரு குணம் உண்டு. இன்ஜினைக் கிளப்பிவிட்டால், அது அடங்கும்வரை பக்கத்தை விட்டு நகரமாட்டான். பதின்மூன்று வயதில் அத்தாவின் மொபெட்டைப் பிரித்து மாட்டி ஓடவைத்தபோது, கழன்று தொங்கிய சைலன்சரை வெறுங்கையால் பிடித்துக்கொண்டே நின்றான். உள்ளங்கை வெந்துபோனது. அண்ணன் நாசர் அதைப் பேகம்பூர் முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

இப்போது செம்பட்டி, கன்னிவாடியில் நின்றுபோன பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளெல்லாம் மன்சூர் பட்டறைக்குத்தான் வருகின்றன. அப்படித்தான் ஒரு மலைத்தோட்டத்துப் பங்களாவிலிருந்து, துருவேறிய படகு மோட்டார் ஒன்றும் வந்து சேர்ந்தது. அவன் அப்பன் வயது அதற்கு.

"ஏலே, திண்டுக்கல்லுல குடிக்கவே தண்ணியக் காணோம். நீ எங்கிட்டுப் படகு விடப்போற?" என்று நாசர் சிரித்தார்.

"நீ சும்மா இருண்ணே. இது ஓடுச்சுன்னா நீதான் மொத ஆளா கைதட்டுவ."

நாலு மாதம் பாடுபட்டான். ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பினான். காயிலைப் புதிதாகச் சுற்றினான். பிஸ்டனுக்குப் பொருந்தும் ரிங்கை மதுரையில் தேடி எடுத்தான். எல்லாம் முடிந்ததும்தான் சிக்கல் வந்தது. அந்த மோட்டார் தண்ணீரை உறிஞ்சித்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெளியே ஓட்டினால் வெந்துவிடும். பீப்பாயில் இறக்கி ஓட்டியபோது, அடியிலிருந்த விசிறி ஒரே சுற்றில் தண்ணீரையெல்லாம் வெளியே வாரியடித்தது.

நாசருக்கு உடனே தோல்ஷாப்பு ஞாபகம் வந்தது. தோல் பதனிடும் அந்த ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர் அவர். மூடிய பிறகு அங்கேயே காவல். உள்ளே கொட்டகையில், தோல் ஊறவைத்த ஆழமான தொட்டியில் மழைத்தண்ணீர் தெளிந்து கிடந்தது. அடியில் பழைய சேறு இருப்பது அவருக்குத் தெரியும். அப்படியொரு தொட்டியில் சேறு அள்ள இறங்கிய, கூட வேலை பார்த்த சோலைமுத்து மேலே வராமல் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் இதில் யாரும் இறங்கப்போவதில்லையே என்று நினைத்தார்.

தொட்டியின் குறுக்கே உத்தரத்தைப் போட்டு மோட்டாரை மாட்டினார்கள். மன்சூர் உள்படியில் இறங்கி நின்று கயிற்றைச் சுண்டினான். மூன்றாவது இழுப்பில் மோட்டார் உறுமியது. நாசர் கைதட்டினார்.

விசிறி சுற்றச் சுற்றத் தண்ணீர் கறுத்தது. அடியிலிருந்து குமிழிகள் கிளம்பின. அழுகிய முட்டை நாற்றம் கொட்டகையை நிறைத்தது.

"மேல வாடா."

"செத்த நேரம்ணே. இப்பத்தான் நிதானத்துக்கு வருது."

நாற்றம் இன்னும் ஏறியது. பிறகு சட்டென்று இல்லாமல் போனது. தோல்ஷாப்பில் வேலை செய்தவனுக்கு நாற்றம் பயமில்லை. அது திடீரென்று நின்றால்தான் ஆபத்து; விஷவாயு மூக்கை மரத்துப்போகச் செய்துவிட்டது என்று பொருள். நாசர் தொட்டியின் விளிம்புக்கு ஓடினார்.

"மன்சூரு, வாடை நின்னுருச்சுடா!"

"நல்லதாப்போச்சு. அந்த ஸ்பேனர எடு," என்றான் மன்சூர். நாக்கு குழறியது.

நாசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சட்டைக் காலரைப் பற்றி, படியில் உரச உரச மேலே இழுத்து, வாசலுக்கு வெளியே அவனைத் தள்ளி, தானும் வந்து கதவைச் சாத்தினார். மன்சூர் எழுந்து கதவின்மேல் விழுந்தான்.

"விடுண்ணே! சத்தம் மாறுது. சேறு அடைச்சுருச்சு. நிப்பாட்டணும்!"

"வெந்து போகட்டும்!"

"நாலு மாசம்ணே!"

அவன் அண்ணனின் நெஞ்சில் குத்தினான். அடுத்த குத்துக்குக் கை ஓங்கும்போதே முழங்கால் மடங்கி, மண்ணில் வாந்தியெடுத்தான். உள்ளே மோட்டார் கீச்சிட்டது. ஒரு முறிவுச் சத்தம். பிறகு அமைதி.

"உன் பேரச் சொல்லுடா," என்று அவன் நினைவைச் சோதித்தார் நாசர்.

"கொன்னுட்டியே அத."

"பேரச் சொல்லு!"

"மன்சூர்."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றும்போது அவன் கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. திரும்பித் திரும்பிக் கொட்டகையையே பார்த்தான்.

"அண்ணே, ரிங்கு மட்டுந்தான் போயிருக்கும். உத்தரம் ஒடஞ்சு உள்ள விழுந்திருந்தா, நாளைக்கு ஒரு கயித்தக் கட்டி இறங்கி எடுத்துரலாம்."

ஓடுகிற ஆட்டோவில் நாசர் தம்பியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். மன்சூர் உதறிப் பார்த்தான். அவர் விடவில்லை.