ரெண்டாவது தடவை அடிக்காத சைரன்

எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும். எங்கக்காவுக்கு அதுல கால்வாசி கூடக் கிடையாது. யாரு என்ன சொன்னாலும் சரின்னு கேட்டுக்கும். புதுச்சத்திரத்துல இருந்து உள்ள தள்ளி அதுக்கு ஒரு கறிக்கோழி செட்டு இருக்குது. நாலு பக்கமும் மூடின செட்டு, காத்து வர்றதே பெரிய ஃபேனுங்களாலதான். சித்திரை வெயில்ல ஃபேன் நின்னா கோழி வாயைப் பொளந்துக்கிட்டுச் சரிஞ்சிரும். கரண்ட் போனா உடனே ஓடிப் போய் ஜெனரேட்டரைப் போடோணும். மாமா லாரியில வடக்க போயிட்டா ஓடறதுக்கு அக்காவை விட்டா ஆள் இல்லை. அதனால கல்யாணம், காதுகுத்து, எழவு எதுக்கும் போகாது. அதோட மக முழுகாம இருக்கறா, பள்ளிபாளையத்துல வளைகாப்புன்னு ஆனப்பதான், "இதுக்காச்சும் போகோணும் சாமி, பெத்தவ இல்லாம எப்படி?"ன்னு எங்கிட்டக் கேட்டுச்சு.

சேலத்துல நான் பாக்கற வேலையே பெட்டிகளுக்குள்ள ஓடற புரோகிராம் எழுதறதுதான். அக்காவுக்குன்னே ஒரு பெட்டி செஞ்சேன். செட்டுல கரண்ட் போனா பேட்டரியில ஓடிச் சைரன் அடிக்கும், அக்கா போனுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க போனுக்கும் கூப்பிடும். உள்ள ஒரே சிப்பு, அதுல ரெண்டு புரோகிராம். ஒண்ணு திரையையும் போனையும் பாத்துக்கும். இன்னொண்ணு என்னோடது. ஆப்பரேட்டிங் சிஸ்டம்னு எதுவும் இல்லாம நேரா சிப்பு மேல ஓடி, கரண்டை மட்டும் கண்காணிக்கும். ரெண்டும் முட்டிக்காம இருக்க மேல ஹைப்பர்வைசர்னு ஒரு மேற்பார்வைக்காரன்.

கரண்ட் போனதும் ஒரு ஒயர் சிப்பைத் தட்டும். அந்தத் தட்டலுக்கு இன்டரப்ட்னு பேரு. அது நேரா என் புரோகிராமுக்கு வராது, ஹைப்பர்வைசர் வாங்கித்தான் குடுக்கும். வேலை ஆனதும் என் புரோகிராம் அதுக்கு 'முடிஞ்சது'ன்னு திருப்பிச் சொல்லோணும். சொல்லாத வரைக்கும் அதே ஒயர்ல அடுத்த தட்டல் வந்தா அமுக்கி வெச்சுக்கும், குடுக்காது.

மாட்டின நாள்ல இருந்து பெட்டி நல்லாத்தான் ஓடுச்சு. சைரன் அடிக்கும், அக்கா ஓடி ஜெனரேட்டரைப் போடும், அப்பறம் சத்தத்துக்குக் கோழி மெரளுதுன்னு பெட்டியையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிரும். நம்ம பக்கம் டிவி ஆனாலும் மோட்டார் ஸ்டார்ட்டர் ஆனாலும் அதுதானே வைத்தியம்! ஒரு நாள் நான் போயிருந்தப்ப இதைப் பாத்துட்டேன். சுர்ருன்னு வந்துச்சு.

"ஏனக்கா, இதென்ன டார்ச் லைட்டா, தட்டித் தட்டி எரிய வெக்கறதுக்கு? சத்தத்தை நிறுத்தத்தான் சிவப்புப் பட்டன் வெச்சிருக்குதல்ல?"

"தெரியாமப் பண்ணிட்டேன் சாமி. இனிமே பட்டனையே அமுத்தறேன்."

சொன்னபடியே செஞ்சுச்சு. அடுத்த வாரம் மத்தியானம் கரண்ட் போச்சு, சைரன் அடிச்சுது. ஜெனரேட்டரைப் போட்டு, பட்டனை அமுத்தி, கரண்ட் வந்ததும் ஜெனரேட்டரை நிறுத்தி லைனை மாத்திட்டு, பெட்டி இருக்குதேங்கற தைரியத்துல சந்தைக்குப் போச்சு. அது அங்க இருக்கறப்ப மறுபடி கரண்ட் போச்சு. சைரன் அடிக்கலை, போனும் வரலை. காய்ப் பையோட திரும்பி வந்து செட்டுக் கதவைத் தொறந்தா, பாதிக்கு மேல குவியல் குவியலாச் செத்துக் கெடந்துச்சு.

நான் பஸ் ஏறி ஓடினேன். அக்கா அழுகலை. முக்காட்டைப் போட்டுக்கிட்டு, செத்ததைச் சாக்குல அள்ளிக்கிட்டு இருந்துச்சு. "நீ சொன்ன பட்டனைத்தான் சாமி அமுத்தினேன், தப்பா அமுத்திட்டனா?"ன்னு கேட்டுச்சு பாருங்க. ரெண்டு அறை விட்டிருந்தாக் கூடத் தேவலை.

பெட்டியைக் கழட்டிக்கிட்டு வந்து பாத்தேன். பட்டனை அமுத்தினா சைரன் நிக்குது, 'முடிஞ்சது' மட்டும் போகலை. அதனால ரெண்டாவது தட்டலை ஹைப்பர்வைசர் அமுக்கி வெச்சுக்கிச்சு. அந்த ஒரு வரியை நான் அங்க எழுதவே இல்லை. அக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணினப்பல்லாம் எல்லாம் புதுசா ஆரம்பிச்சதுல அது தெரியாமலே போயிருச்சு. ஆபீஸ்ல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? ஒவ்வொரு சோதனைக்கும் முன்னாடி நாங்களும் அதைத்தான் பண்ணுவோம், சுத்தமா ஆரம்பிக்கோணும்னு. அக்காவோட அந்தப் பழக்கந்தான் இத்தனை நாளா கோழியைக் காப்பாத்தியிருக்குது. நான் போய், பெரிய இவளாட்டம், அதைத் திருத்தினேன்.

வரியைச் சேத்தேன். கை வலிக்கற வரைக்கும் கரண்டை நிறுத்தி, பட்டனை அமுத்தி, மறுபடி நிறுத்திப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அடிச்சுது. கொண்டு போய் மறுபடி செட்டுல மாட்டினேன். அடுத்த ஈடு குஞ்சு வந்து, அதுவும் தேறுச்சு.

வளைகாப்பன்னைக்குக் காலையில அக்கா பட்டுச்சேலை கட்டி, வளையல் தட்டத்தைக் கையில வெச்சுக்கிட்டுச் செட்டு வாசல்ல நின்னுச்சு.

"இப்பப் பெட்டியை நம்பிப் போலாமா சாமி?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்"னேன்.

அக்கா தட்டத்தைக் கீழ வெச்சுச்சு. "சித்திக்காரி நீ வராம எப்படி? நீயும் உக்காரோணும்னா, அப்பறம் அந்தப் பெட்டி எதுக்குச் சாமி?"