முந்நூற்றுப் பன்னிரண்டாவது அட்டை

அந்த அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கமில்லை. எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்துதான் ஆளுக்குப் பெயர். 'க' பார்த்தவர் ககரத்தார், 'ப' பார்த்தவர் பகரத்தார். 'ஞ' பார்த்த பெண்ணை மட்டும் பெரியவர் சிறியவர் எல்லாருமே 'ஞக்கா' என்றார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் அந்த எழுத்தைக் கொடுத்தபோது மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். 'ஞ'வில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? ஒரு கைப்பிடிச் சொற்கள். பகரத்தார் சிரித்துக்கொண்டே, "உனக்கென்னம்மா, பத்து மாசத்துல பெத்து இறக்கிட்டு எழுந்து போயிடுவே. நான் பாரு, பாவம் பண்ணவன், 'ப'வை வாங்கி வச்சிருக்கேன்" என்றார்.

அவருடைய 'ப' முடிந்து அச்சாகி நாலு வருடம் ஆகிறது. ஞக்கா இன்னும் அதே நாற்காலியில் இருக்கிறாள். அவளுக்குக் கொடுத்தது முன்பு பழைய தாள்கட்டுகளைப் போட்டு வைத்திருந்த உள்ளறை. ஒரே ஜன்னல், அதையும் சுண்ணாம்பு அடித்தபோது சேர்த்து அடித்ததில் கதவு ஒட்டிக்கொண்டுவிட்டது. பகலிலும் குழல்விளக்கு எரிய வேண்டும். சுவரோரம் இழுப்பறைகள், இழுப்பறைக்குள் அட்டைகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம்: சொல், பொருள், மூலம். மூலம் என்றால் அந்தச் சொல் எங்கிருந்து பிறந்தது, எந்த ஏட்டில் இருக்கிறது, அல்லது யார் வாயிலிருந்து கேட்டது என்ற விவரம்.

அந்தச் சொற்கள் மேல் அவளுக்குப் பெற்ற பாசம். ஞமலி என்றால் நாய். ஞிமிறு என்றால் வண்டு. ஞெண்டு வேறொன்றுமில்லை, நம் நண்டுதான். ஞெலிதல் என்றால் கடைதல். அதனால் தீக்கடையும் கோலுக்கு ஞெலிகோல். ஞாலுதல் என்றால் தொங்குதல். பிடிமானம் இல்லாமல் வானவெளியில் தொங்குவதால் இந்த உலகம் ஞாலம். அதை முதன்முதலில் படித்த அன்று, 'தொங்குவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறவன் ஒருவன் இருக்கிறானே' என்று கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் முந்நூற்றுப் பதினொன்று முடிந்துவிட்டன. ஒன்று மட்டும் வருடா வருடம், 'மூலம் தேவை' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

எடுத்த எழுத்தை முடிக்காதவருக்கு மாறுதல் கிடையாது என்பது அங்கே விதி. அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எட்டு வருடத்துக்கு முன் ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஓர் ஊருக்கு அவரை மாற்றிவிட்டார்கள். அந்த ஊர் நூலகத்தில் இவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, உத்தரவு தயாராக இருந்தது. 'ஞ' முடிந்தால் கிளம்பலாம். பிள்ளை குட்டி இல்லாத வீடு, அவளுக்கு அவர், அவருக்கு அவள். மாதத்தில் ஒரு ஞாயிறு இவள் போவாள், ஒரு ஞாயிறு அவர் வருவார். "ஞாயிறும் உன் எழுத்துதானே, ரெண்டு நாள் கூடக் கேட்டு வாங்கக் கூடாதா?" என்பார் அவர்.

திரும்பித் திரும்பி வந்த அந்தச் சொல், 'ஞெவில்'. பொருள்: அடைத்த அறையில் காற்றுக்காக விடும் சிறு துளை.

அப்படி ஒரு சொல் எந்த ஏட்டிலும் கிடையாது. யார் வாயிலும் இருந்ததில்லை. அவளே உண்டாக்கியது.

வேலைக்கு வந்த முதல் வருடம் அது. அம்மாவை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று தங்கை போன் செய்தாள். அப்போதிருந்த மேற்பார்வையாளர் பத்து அட்டை மேசைக்கு வராமல் யாரையும் வெளியே விட மாட்டார். ஒன்பதுதான் ஆகியிருந்தது. அழுதாள். "அழுதா அட்டை ஆயிடுமாம்மா?" என்றார் அவர். திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்கு மூச்சு முட்டியது. பேனாவை எடுத்து ஒரு சொல்லை எழுதினாள். நெகிழ்தலின் பழைய வடிவமான ஞெகிழ்தல் என்பதிலிருந்து ஒரு துண்டும், இடத்தைக் குறிக்கும் 'இல்' ஒரு துண்டும் சேர்த்துப் பிறப்புக் கற்பித்து, மூலத்தில் 'பேச்சு வழக்கு' என்று போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

கடவுள் கிருபையில் அம்மா பிழைத்தாள். மறுநாள் அட்டையைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று வந்தால், அது பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. வெளியே எடுக்கக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை எழுதினாள், மூன்று முறையும் கிழித்துப் போட்டாள். அதற்குள் 'ஞ' சொற்களைச் சிறு கைப்புத்தகமாக அச்சிட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளின் தேர்வில் 'ஞெவில் – பொருள் தருக' என்று கேள்வி வந்தது. பொய் சொன்ன வாய் மூடிக்கொண்டது, சொல் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய அகராதிக்குச் சரிபார்த்தவர்கள், 'பேச்சு வழக்கு' என்றால் போதாது, யார் வாயிலிருந்து கேட்டது என்று கேட்டு அட்டையை அவளிடமே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

ஒருமுறை துணிந்து, "ஐயா, மூலம் கிடைக்கல, அந்தச் சொல்ல எடுத்துடலாமே" என்று கேட்டும் பார்த்தாள். தலைமைப் பதிப்பாசிரியரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். அவர், "புள்ளைங்க பரீட்சையில எழுதின சொல்ல நாமளே இல்லேன்னா ஊர் சிரிக்கும். தேடும்மா, கிடைக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரியவர் கையில் ஒரு கடிதத்தோடு உள்ளறைக்கே வந்தார். அவர் அங்கே வருவது அபூர்வம்.

"ஞக்கா! உன் சிறைவாசம் முடிஞ்சுது. படி."

ஒரு கொத்தனார் எழுதியிருந்தார். 'எங்கள் பாட்டன் காலத்திலிருந்து சுவரில் காற்றுக்கு விடும் துளையை ஞெவில் என்றுதான் சொல்லி வருகிறோம். எங்கள் தொழிலில் உள்ளவர்களைக் கேட்டால் தெரியும்.'

"மூலம் கிடைச்சாச்சா? அட்டையில இவர் பேர் ஊர எழுதிக் கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை உன்னை விடுவிச்சுடறேன்."

அவர் போன பிறகு ஞக்கா அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தம் தொழிலின் சொல் ஒன்று பெரிய புத்தகத்தில் ஏற வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? பேரனுடைய பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பார், பார்க்கப் பார்க்கப் பாட்டன் சொன்னது போலவே தோன்றியிருக்கும். ஆனால் தான் போட்ட பொய்க்கு ஒரு வயதான மனிதர் சாட்சியாக வந்து நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது பகரத்தாரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னாள். அவர் கை பாத்திரத்திலேயே நின்றது.

"அடிப்பாவி! பதினோரு வருஷமா வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதக் கேளு. வாயத் திறக்காதே. கையெழுத்தப் போட்டுட்டுப் புருஷன்கிட்ட போய்ச் சேரு. ஒரு ஓட்டையினால யாரு குடி முழுகப் போகுது?"

"என் குடிதாண்ணே முழுகிக் கெடக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன், கரையேறுங்கறேன்."

அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். 'ஆண்டவா, கதவைத் திறந்துவிடு என்று நான்தான் தினமும் கேட்டேன். இப்படியா திறப்பாய்?' என்று முணுமுணுத்தாள். பிறகு அட்டையை எடுத்து, மூலம் என்ற கட்டத்தில் தன் பெயரையும், அம்மாவின் அறுவைச் சிகிச்சை நடந்த தேதியையும், 'பத்தாவது அட்டைக்காக நானே உண்டாக்கியது. வேறு மூலம் இல்லை' என்றும் எழுதினாள். எழுத்து தெளிவாகவே விழுந்தது. கையெழுத்துப் போட்டுப் பெரியவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

பெரியவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"போன மாசம்தான் இந்தச் சொல்லப் பத்தி வானொலியில இருபது நிமிஷம் பேசினேன்" என்றார் மெதுவாக.

"கேட்டேங்க ஐயா."

"கேட்டுமா பேசாம இருந்தே?"

 பெரியவர் வேறொரு வெற்று அட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இதைக் கிழிச்சுடறேன். புதுசா எழுது. யாருக்கும் தெரிய வேணாம்."

"வேணாங்க ஐயா. அதுல இருக்கறதுதான் அதோட மூலம்."

"உனக்காகக் கதவத் திறந்து வச்சேன். நீயே இழுத்துச் சாத்திக்கறே."

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை ஞகரம் மூடப்படாது, மாறுதல் நிறுத்திவைக்கப்படுகிறது, அலுவலர் தம் இருக்கையிலேயே இருக்க வேண்டும், புது வேலை எதுவும் தரப்படாது.

கூடத்திலிருந்த போனில் கணவரைக் கூப்பிட்டாள். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒன்று விடாமல் சொன்னாள். 

"அப்ப, எட்டு வருஷமா நான் ஒண்டியாச் சமைச்சுத் தின்னது ஒரு ஓட்டைக்காகவா?"

"ஆமாங்க."

"வேலைய விட்டுட்டு வந்துடறேன்னு நீ சொன்னப்பல்லாம் நான்தானே வேணாம்னேன். என் சம்சாரம் யாருக்கும் கிடைக்காத ஒரு சொல்லத் தேடிட்டிருக்கான்னு இங்க எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டதாங்க ரொம்பப் பயம்."

சுத்தியல் சத்தம் நின்று மறுபடி கேட்டது. "விசாரணை எப்ப முடியும்?"

"சொல்லலீங்க."

"இந்த ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"இது உங்க முறை இல்லியே..."

"வர்றேன்னேன்ல" என்று போனை வைத்துவிட்டார்.

அந்தக் குரலில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஐந்து மணி ஆக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஞக்கா உள்ளறைக்குப் போய், செய்ய ஒரு வேலையும் இல்லாத மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.