பன்றிக் கொழுப்பில் பொரித்த பச்சைத் தக்காளி

“படிச்ச பொண்ணுக்கு அடுப்பாண்ட என்னாம்மா வேலை? சாலட்டு வெட்டிக்கினு இரு, போதும்.” காஞ்சிபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த ஓட்டலின் பெரிய செஃப், முதல் நாள் காலையில் ஒரு கூடை வெள்ளரிக்காயை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னது இது. அவர் கெட்டவர் அல்ல. கல்யாணப் பந்திகளுக்குச் சமைத்தே மேலே வந்தவர். கேட்டரிங் படித்து வருகிறவர்கள் எண்ணெய் தெறித்ததும் ஓடிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தென்னேரியில் பிறர் வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்த அம்மா, மகள் வெள்ளைக் கோட்டு போட்டு அடுப்பு முன்னால் நிற்கப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நானோ மாதக்கணக்கில் வெள்ளரிக்காய்தான் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்த அமெரிக்க அம்மாள் ஒருவர் எங்கள் ஓட்டலில் தங்கியிருந்தார். அந்த நாட்டின் தென்பகுதிக்காரர். மார்க்கெட்டில் பச்சைத் தக்காளியைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் ஊரில் இதைப் பொரித்து, பேக்கனோடு ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவோம், செய்து தருவீர்களா என்று ஆசையாகக் கேட்டார். பேக்கன் என்பது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி, மெல்லிய நாடா நாடாவாக வரும். பொரித்த தக்காளி என்றதும் செஃப் எங்கள் ஊரில் யாரும் செய்வதைத்தான் செய்தார். கடலை மாவைக் கரைத்து பஜ்ஜி போட்டுவிட்டார். தக்காளி உள்ளே தண்ணீர் விட்டு, மாவு கழன்று, ரொட்டி நனைந்து, தட்டு அப்படியே திரும்பி வந்தது. அந்த அம்மாள் சிரித்தபடி நன்றி வேறு சொல்லி அனுப்பியிருந்தார். அதுதான் செஃபுக்கு உறைத்தது. “பஜ்ஜிய வேணாம்னு சொன்ன மொத ஆளு இந்தம்மாதாம்பா” என்று நாளெல்லாம் பொருமினார்.

மறுநாள் திரும்பச் செய்யலாம் என்றால், எங்கள் சமையலறையில் பேக்கன் பொரிக்கும் ஒரே ஆளான டார்ஜிலிங்கார அண்ணன் விடுப்பில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அதற்கென்று தனிச் சட்டி, தனி இடுக்கி. மற்ற யாரும் தொட மாட்டார்கள். “யாருப்பா செய்றீங்க? செஞ்சா மட்டும் போதாது, வாயில போட்டு ருசி பாக்கணும்” என்றார் செஃப். எல்லோரும் அவரவர் பாத்திரத்துக்குள் குனிந்துகொண்டார்கள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பற்றி நான் அந்த இடத்தில் வாய் திறந்ததே இல்லை. திறந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கத்தியைக் கீழே வைத்தேன்.

“நான் செய்றேன் செஃப். எங்க வூட்ல பன்னிக்கறி சாப்புடுவோம்.”

“அதானே பாத்தேன்” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். செஃப் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “இன்னொரு வாட்டி தட்டு திரும்பி வந்துச்சுன்னா, அடுப்புப் பேச்சே எடுக்கக் கூடாதும்மா.”

“காலியா வந்துச்சுன்னா?”

“மொதல்ல வரட்டும்.”

தக்காளியைத் தடிமனான வில்லைகளாக வெட்டி, உப்புத் தூவி, அது தண்ணீர் விட்டதும் துணியில் ஒற்றி எடுத்தேன். அது கல்லூரியில் படித்தது. பேக்கனைச் சூடேறாத சட்டியில் பரப்பிச் சிறு தீயில் வைத்தபோது, “இன்னாம்மா, எண்ணெயே ஊத்தல?” என்று செஃப் பதறினார். பன்றிக்கறிக்கு என் அம்மா ஒருநாளும் எண்ணெய் ஊற்றியதில்லை. தன் கொழுப்பிலேயே வேகும். கொழுப்பு உருகி ஓரங்கள் மொறுமொறுவென்று சுருண்டதும் பேக்கனை எடுத்துவிட்டு, தக்காளி வில்லைகளை மோரில் தோய்த்து, மிளகுத்தூள் கலந்த கொரகொரப்பான மக்காச்சோள மாவில் புரட்டி, அதே சட்டியில் இட்டேன். மாவு விடாமல் பிடித்துக்கொண்டது. இரு புறமும் பொன்னிறம். ரொட்டியை வாட்டி, மயோனைசில் கொஞ்சம் மிளகாய்த்தூள் குழைத்துத் தடவி அடுக்கினேன். ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டேன். முதலில் உப்பு, பிறகு அந்தக் காயின் சுருக்கென்ற புளிப்பு. செஃப் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “எப்டிம்மா இருக்குது?” அத்தனை வருட அனுபவத்தில் அவரால் சொல்ல முடியாத ஒன்றை அன்று என்னால்தான் சொல்ல முடிந்தது. “அனுப்பலாம் செஃப்” என்றேன்.

தட்டு காலியாக வந்தது. இன்னொன்று வேண்டும் என்ற செய்தியும் கூடவே வந்தது. செஃப் கூடையை என் மேசையிலிருந்து தானே தூக்கினார். “வெள்ளரிக்காய வேற யாரானா வெட்டுங்கப்பா. இந்தப் பொண்ணு இங்க நிக்கட்டும்.” ஓய்வு பெறும்வரை அவர் அதை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம் “எங்க பொண்ணு போடுவா பாரு” என்று பெருமையடித்துக்கொண்டே இருந்தார்.

இப்போது ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் சொந்தமாக ஒரு சாண்ட்விச் கடைக்கு இடம் பிடித்திருக்கிறேன். பெயர்ப் பலகை எழுத வந்தவர் தயங்கினார். “கோயில் ஊராச்சேம்மா. பேக்கன்னு மட்டும் போட்டுடலாமா? யாருக்கும் புரியாது.” புரியட்டும் என்றேன். தூரத்துப் பேருந்திலிருந்தும் படிக்கும்படி, ‘பன்றிக்கறி, பச்சைத் தக்காளி சாண்ட்விச்’ என்று தமிழில் எழுத வைத்து, நேற்றுக் காலை பலகையை மாட்டிவிட்டேன்.