மச்சான் வைத்திருக்கும் என் புல்லட்

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டி கழுவக் கூடாது என்பது ஜெர்மனிக்குப் போன புதிதில் எனக்குத் தெரியாது. காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, வாளியைக் காட்டி ஏதோ சொன்னார். பாவம், அவர் வீட்டில் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது என்று வாளியை நிரப்பிக் கையில் கொடுத்தேன். அவரும் ஒரு நிமிடம் திகைத்து நின்றுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். விவரம் தெரிந்தவர் ஒருவர் பிறகு சொல்லித்தான், அவர் கண்டிக்க வந்தவர் என்று புரிந்தது. அங்கே ஞாயிறு என்றால் ஊரே வாய்பொத்தி உட்கார்ந்திருக்கும்.

இந்த முறை விடுப்பில் திருச்சுழிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு ஞாயிறு காலை என் அக்கா வீட்டுக்காரர் தெருவில் நின்று புல்லட்டை உதைத்தார். தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் துண்டோடு வெளியே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் ஒதுங்கினேன். அவரோ, சத்தம் போன வாரத்துக்கு இப்போது தேவலை என்று மச்சானிடம் சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

அந்த வண்டி என்னுடையது. என்னைவிட வயதில் மூத்தது. அருப்புக்கோட்டை மில்லில் வேலை பார்த்த நாட்களில் வாங்கினேன். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதிதாக ஏறுகிறவர்கள் கியர் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்து விழுந்து எழுவார்கள். ஷிப்டு முடிந்து, பஞ்சு ஒட்டிய தலையோடு சீமைக்கருவைக் காட்டுக்கு நடுவே அதில் வீடு திரும்பும்போது, எனக்கு நானே ராஜா. ஜெர்மனிக்குக் கிளம்பியபோது சாவியை மச்சானிடம் கொடுத்தேன். வாராவாரம் அவர்தான் அதை எழுப்பி ஒரு சுற்று ஓட்டி நிறுத்துகிறார். அந்தச் சத்தத்தை அனுப்பச் சொல்லி, கிடங்கு வேலையின் இடைவேளையில் போனைக் காதில் வைத்துக் கேட்பேன். சிரிக்காதீர்கள். என்னைப்போல வெளியே கிடப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிறு அன்று விருதுநகரில் பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்களின் கூட்டம். முடிவில் எல்லா வண்டிகளும் டவுனைச் சுற்றி ஊர்வலம் போகும். அதில் என் வண்டியை நானே ஓட்ட வேண்டும் என்று அந்தத் தேதியைப் பார்த்துத்தான் விடுப்பே எடுத்திருந்தேன். வந்திறங்கியதிலிருந்து, எப்போது திரும்புகிறீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரு நாளாவது விருந்தாளியாக இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

நான் ஓட்ட, மச்சான் பின்னால் உட்கார்ந்தார். வலது கால் எதையும் மறக்கவில்லை. அருப்புக்கோட்டை நெரிசலில் ஷேர் ஆட்டோக்களின் வாலைப் பிடித்துக்கொண்டு சுகமாக வந்தேன். பாலவனத்தத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டீ குடித்துக் கிளம்பும்போது ரோட்டில் ஒரு வண்டி இல்லை. எனக்குள் ஒரு துள்ளல். கியரைத் தட்டி வேகம் எடுத்தேன். எதிரே பஸ் வந்தது. எவ்வளவு மோசமாக ஓட்டுகிறான், என் பாதையில் வருகிறானே என்றுதான் அப்போதும் நினைத்தேன். மச்சானின் கை என் தோளுக்கு மேல் வந்து ஹேண்டில்பாரை இடப்பக்கம் தள்ளியது. மண்ணில் இறங்கி நின்றோம். முன்னால் வண்டிகள் இருந்தவரை அவற்றின் பின்னால் ஒழுங்காக வந்திருக்கிறேன். காலி ரோட்டைக் கண்டதும் என் உடம்பு ஜெர்மனியின் வலப்பக்கத்துக்குப் போய்விட்டது.

பஸ் டிரைவர் நிறுத்தித் தலையை நீட்டினார். "ஏலே, வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

மச்சான் கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பிவைத்தார். அவர் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மைதானத்தில் வண்டிகள் வரிசையாகப் பளபளத்தன. வந்தவர்கள் எங்கள் புல்லட்டைச் சுற்றி நின்று எந்த ஊர் வண்டி, யாருடையது என்று விசாரித்தார்கள். "எங்க மாப்ளே வண்டி. அவுக ஜெர்மனில இருக்காக" என்றார் மச்சான், வெகு பெருமையாக. நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர்வலம் கிளம்பும்போது மச்சான் சாவியை நீட்டினார். மெதுவாகத்தான் போவார்கள், முன்னால் போகிறவனைப் பார்த்து ஓட்டினால் போதும் என்றார். ஓரத்தில் பெண்களும் குழந்தைகளும் நெருக்கியடித்து நின்றார்கள். நீங்களே ஓட்டுங்கள் மச்சான் என்றேன். அவர் வற்புறுத்தினார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, மறுத்துவிட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்று என் வண்டி போவதைப் போனில் படம் பிடித்தேன். மச்சான் நன்றாக ஓட்டினார். வண்டியும் அவரும் பழகியிருந்தார்கள்.

திரும்பும் வழியில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. உடம்பெல்லாம் அசதி. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"வண்டிய ஒங்க பேருக்கு மாத்திக்கங்க மச்சான். இனி நான் ஓட்டப்போறதில்ல."

அவர் ஒரு மாட்டு வண்டியைத் தாண்டிப் போனார். சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"வேணாம் மாப்ளே. அது ஒன் பேர்லயே கெடக்கட்டும். இல்லேன்னா நீ எதுக்கு வரப்போற?"

அக்கா இருக்கிறாள், நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எத்தனை வருடம் யாருக்காகவும் வராமல் இருந்தேன் என்பது இருவருக்குமே தெரியும்.

எதிரே லாரி வந்தது. நாங்கள் சரியாக இடது ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். ஆனாலும் என் உடம்பு தானாக வலப்பக்கம் சாய, வண்டி லேசாக அலம்பி ஆடியது.

"நேரா உக்காரு மாப்ளே" என்றார் மச்சான்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த லாரிக்கும் சாய்ந்தேன். அதற்கடுத்த லாரிக்கு அவர் என் சாய்வுக்குத் தக்கபடி ஹேண்டிலைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்து ஓட்டிக்கொண்டு போனார்.