மருந்து ஊற்றி அழுதவள்

எனக்குக் கண்ணீர் வராது. கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணீர்ச் சுரப்பி வற்றிவிட்டது. பாளையங்கோட்டை கண் டாக்டர் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தார். பட்டை நனையவே இல்லை. கண்ணை எப்போதும் ஈரமாக வைக்கும் நீர், புகை, வெங்காயம் பட்டால் வரும் நீர், துக்கத்துக்கு வரும் நீர் என்று மூன்றையும் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியவள் நான். எனக்கு மூன்றுமே இல்லையாம். நல்ல கூத்துதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து விட வேண்டும்.

களக்காட்டில் அண்ணன் இறந்த அன்றும் விட்டேன். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் அதே துக்கம்தான். கண் மட்டும் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிந்தது. சுவரோரம் திரும்பி மருந்து விட்டதைச் சொந்தக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு, என்ன அது என்று கேட்டாள். கண் மருந்து என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். டீச்சர் புத்தி போகுமா? செயற்கைக் கண்ணீர் என்று சரியான பெயரைச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நான் மருந்து ஊற்றி அழுத கதை தெரு முழுக்கப் போய்விட்டது. அண்ணன் மனைவி, என் மதினி, அதோடு என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அண்ணனும் போய் அந்த வீடும் போனால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின நாள், யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறிப் போனேன். மதினி அடுக்களையில் தனியாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வடிந்தது. எதிரே உட்கார்ந்து சுரப்பி, நரம்பு, காகிதப் பட்டை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் உரித்துக்கொண்டே கேட்டாள்.

நான் முடித்ததும், "உள்ளிக்கு வருது பாத்தியா," என்றாள். "அன்னைக்கு எனக்கு ஒரு சொட்டு வரல. மரத்துப் போயி இருந்தேன். வந்தவ எல்லாம் என் கண்ணையே பாத்தாளுவ."

பேரதிர்ச்சியில் அப்படி ஆவதுண்டு என்று பாடம் எடுக்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்குப் பிறகு முதல்தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"மருந்து உன் கையில இருந்துச்சுல்லா, ஏளா. எனக்கும் ரெண்டு சொட்டு விட்டிருக்கப்புடாதா?"